உலராத வியர்வை

சேலத்திலிருந்து மாற்றலாகி நாங்கள் சென்னைக்குக் குடிவந்த புதிதில் என் தாயார் முதன்முதலாகக் கோபித்துக்கொண்டது வீட்டுக்காரரிடமோ பால்காரரிடமோ அன்று, ஒரு மண்பானையிடந்தான். திருவல்லிக்கேணி வீட்டின் கூடத்து மூலையில், ஆற்றுமணலைப் பரப்பி, அதன்மேல் புதுப்பானையை வைத்து, வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, ஊரில் செய்ததுபோலவே சகலமும் செய்திருந்தும், பானையின் வெளிப்புறம் நனைந்து, அடிமணல் ஈரத்தால் கறுத்து, பார்வைக்குப் பெரும் உழைப்பாளியைப்போலத் தோன்றிற்றேயொழிய, உள்ளேயிருந்த தண்ணீர் குழாயில் பிடித்தபோது இருந்த சூட்டிலிருந்து அதிகம் இறங்கினதாகத் தெரியவில்லை. குயவன் ஏமாற்றிவிட்டான் என்று முதற் பானையை மாற்றினாள். மண் சரியில்லை என்று இரண்டாவதை மாற்றினாள். மூன்றாவது பானையும் அப்படியே இருக்கக் கண்டபோதுதான், மாற்றவேண்டியது பானையை அன்று, ஊரை என்று அவளுக்கு விளங்கிற்று.

பானைக்கு நேர்ந்த அந்தத் தோல்விதான், சித்திரை வைகாசி மாதங்களில், கடற்கரையோரம் வசிக்கும் ஒவ்வொரு மனிதனுடைய தேகத்துக்கும் நேர்கிறது. பானை தோற்றால் தண்ணீர் குளிராது, அவ்வளவே. தேகம் தோற்றால் அந்தத் தோல்விக்கு ஈடுசெய்யும் பொறுப்பு முழுவதும் ஒரு கைப்பிடியளவான இருதயத்தின்மேல் வந்து விழுகிறது. வெயில் என்றால் மூளைக்குத்தான் ஆபத்து, தலையில் துணியைப் போட்டுக்கொண்டால் போதும் என்று நம்மில் பலர் இன்றும் எண்ணியிருக்கிறார்கள். உண்மையில் வெயிற்காலத்தில் அதிகமாய்ப் பாடுபடுவது தலையன்று, மார்புக்கூட்டுக்குள் இருப்பது.

ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக மாறவேண்டுமானால் ஏறக்குறைய 580 கலோரி உஷ்ணம் அதற்கு வேண்டும். அந்த உஷ்ணத்தை அது எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கிருந்தே எடுத்துக்கொண்டு போகிறது: பானையிலிருந்தால் பானைத் தண்ணீரிலிருந்து, தோலிலிருந்தால் இரத்தத்திலிருந்து. ஒரு வேலையும் செய்யாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மனிதனுடைய உடம்புகூடப் பழைய நூறு வாட் குண்டு பல்பு ஒன்றைப்போல ஓயாமல் உஷ்ணத்தை உற்பத்தி செய்துகொண்டிருக்கிறது. அந்த உஷ்ணம் முழுவதையும் வியர்வையால் மட்டுமே வெளியேற்றுவதென்றாலும், மணிக்கு 150 கிராம் வியர்வை, அதாவது ஒரு சிறு டம்ளர் தண்ணீர், உலர்ந்தால் போதும். ஆனால் புழுக்கமான ஒரு பிற்பகலில் பனியனைப் பிழிந்து பார்த்தவர்களுக்கு, நாம் சிந்துவது ஒரு டம்ளரோடு நிற்பதில்லை என்பது தெரியும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கையில் வியர்வை உலர இடமில்லை, உலராதது வழிகிறது, வழிந்து தரையில் சொட்டும் வியர்வை, உடம்பிலிருந்து தண்ணீரையும் உப்பையும் கொண்டுபோகிறதேயன்றி உஷ்ணத்தைக் கொண்டுபோவதில்லை. இந்த ஒரு வித்தியாசத்தை மனத்தில் வாங்கிக்கொண்டவனுக்கு, இருதயத்துக்கும் புழுக்கத்துக்கும் உள்ள சம்பந்தத்தில் பாதி விளங்கிவிடும்.

இதை மனிதன் பரீட்சை செய்து அறிந்த விதம் சற்று வேடிக்கையானது. 1774ஆம் ஆண்டில், லண்டனில், ஜார்ஜ் ஃபோர்டைஸ் என்ற வைத்தியர் தம் வீட்டில் சில அறைகளை அடுப்பு மூட்டிக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, நண்பர்களை உள்ளே அழைத்தார். கனவான்கள் விருந்துக்கு அழைப்பது வழக்கம். இவரோ அடுப்புக்குள் அழைத்தார். போனவர்களில் சார்லஸ் பிளாக்டன் என்ற வைத்தியரும், கப்பற் பிரயாணங்களால் புகழ்பெற்ற தாவர சாஸ்திரி ஜோசப் பேங்க்ஸும் இருந்தார்கள். பிளாக்டன் நுழைந்த ஓர் அறையின் உஷ்ணம் 260 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது நம் கணக்கில் ஏறக்குறைய 127 டிகிரி செல்சியஸ். தண்ணீர் கொதிக்கும் நிலையையும் தாண்டியது. தகரத் தட்டில் வைத்த முட்டைகள் இருபது நிமிஷத்தில் வெந்து கெட்டியாயின. இறைச்சித் துண்டொன்று, துருத்தியால் காற்று ஊதியபோது, பதின்மூன்றே நிமிஷத்தில் பக்குவமாயிற்று. அதே அறையில் நின்ற மனிதர்களோ நாடி படபடக்க, முகம் சிவக்க, எனினும் உயிரோடும் வேகாமலும் வெளியே வந்தார்கள். காற்று உலர்ந்திருந்ததால் வியர்வை பிறந்த கணத்திலேயே உலர்ந்தது; அதுவே அவர்களுக்குக் கவசம்.

அந்தப் பரிசோதனைகளில் என்னை அதிகமாய்க் கவர்ந்தது முட்டையன்று, ஒரு பாத்திரத் தண்ணீர். கொதிநிலையை மீறிய அந்த அறையில் திறந்து வைத்த தண்ணீர் கொதிக்கவே இல்லை. 60 டிகிரி அளவிலேயே நின்றுவிட்டது. பிறகு அதன்மேல் சிறிது எண்ணெயை ஊற்றினார்கள். எண்ணெய்ப் படலம் மேற்பரப்பை மூடி ஆவியாவதைத் தடுத்த மாத்திரத்தில், அதே தண்ணீர் சூடேறித் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிற்று. ஈரக்காற்று என்பது நம் தோலின்மேல் ஊற்றப்பட்ட அந்த எண்ணெய்தான். முன்னதாக நீராவி நிறைத்த அறையொன்றில் ஃபோர்டைஸ் நின்றபோது, உஷ்ணம் இதில் பாதிகூட இல்லை. ஆயினும் அவர் தேகமெங்கும் தண்ணீர் ஓடையாய் வழிந்ததென்று எழுதிவைத்திருக்கிறார்கள். வழிந்தது, உலரவில்லை.

இதன்பின் நூற்று முப்பது ஆண்டுகள் கழித்து, 1905இல், ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்து நாட்டு உடலியல் அறிஞர் இந்த விஷயத்துக்கு ஓர் அளவுகோலைக் கொடுத்தார். சுரங்கங்களின் விஷவாயுக்களைத் தம்மீதே பரீட்சித்துப் பார்த்த விசித்திரமான மனிதர் அவர். கார்ன்வால் நாட்டுத் தகரச் சுரங்கங்களின் ஆழத்தில், உஷ்ணமும் ஈரமும் மண்டிய இடங்களில், இடுப்புக்கு மேலே சட்டையின்றி உட்கார்ந்தும் வேலை செய்தும் தம் உடம்பின் உஷ்ணத்தை அளந்த அவர், மனிதன் எவ்வளவு தாங்குவான் என்பதை நிர்ணயிப்பது சாதாரண உஷ்ணமானி அன்று, ஈரத்துணி சுற்றிய உஷ்ணமானியே என்று கண்டார். அடியிற் குமிழில் மெல்லிய மஸ்லின் துணியைச் சுற்றி அதை நனைத்து வைத்தால், துணியிலிருந்து தண்ணீர் ஆவியாகும் அளவுக்கு அந்த உஷ்ணமானி இறங்கிக் காட்டும். காற்று உலர்ந்திருந்தால் மிக இறங்கும், ஈரமாயிருந்தால் இறங்காது. அதாவது பானை என்ன செய்யும், தோல் என்ன செய்யும் என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. காற்றோட்டமில்லாத இடத்தில் இந்த ஈரத்துணி அளவு 31 டிகிரியைத் தாண்டினால், சும்மா இருப்பவனுடைய உடம்புகூட உஷ்ணம் ஏறத் தொடங்கும் என்பது ஹால்டேனின் முடிவு.

இந்த எண்ணைப் பிற்காலத்தார் மறந்துவிட்டார்கள் என்றே சொல்லவேண்டும். 2010இல் இரு விஞ்ஞானிகள், மனிதத் தோலின் உஷ்ணம் ஏறக்குறைய 35 என்பதைக் கொண்டு கணக்குப் போட்டு, ஈரத்துணி அளவு 35 ஆனால் எவ்வளவு திடகாத்திரமானவனும் சில மணி நேரங்களுக்குமேல் பிழைக்கமாட்டான் என்று எழுதினார்கள். அதுவே எல்லை என்று உலகமெங்கும் பேசப்பட்டது. பிறகு பென்சில்வேனியா மாகாணப் பல்கலைக்கழகத்தார் ஆரோக்கியமான வாலிபர்களை அறையில் வைத்து, விழுங்கக்கூடிய சிறு உஷ்ணமானி மாத்திரையால் அவர்கள் உட்சூட்டை அளந்து பார்த்து, 2022இல் வெளியிட்ட முடிவோ, ஈரமான நிலையில் எல்லை 31ஐ ஒட்டியே வந்துவிடுகிறது என்பது. சுரங்கத்துக்குள் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்த மனிதர் நூற்றுப்பதினேழு ஆண்டுகளுக்கு முன்பு சொன்னதும் அதுவே. புதிய கருவிகள் எப்போதும் புதிய உண்மையைத்தான் தரும் என்பதில்லை.

நமது நாட்டுக்கு இந்த அளவுகோலைப் பொருத்திப் பார்ப்போம். வேலூரில் ஒரு நாள் 42 டிகிரி, காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு 20. அதே நாளில் சென்னையில் 36 டிகிரி, ஈரப்பதம் 60. பத்திரிகை படிப்பவர்கள் வேலூர்வாசிகளுக்காக இரங்குவார்கள். ஈரத்துணி உஷ்ணமானியோ வேலூரில் 24ஐ ஒட்டியும், சென்னையில் 29ஐத் தாண்டியும் நிற்கும். வேலூர் வெயில் சுடும், தோலைக் கறுக்க வைக்கும், நாவை வறளச் செய்யும். ஆனால் வியர்வையை உலர்த்திவிடும். சென்னைப் புழுக்கம் அதைச் செய்வதில்லை. வானிலைத் துறையார் வெப்ப அலையை அறிவிப்பதற்குச் சமவெளியில் குறைந்தது 40 டிகிரி வேண்டுமென்று வைத்துக்கொண்டு, கடற்கரை ஊர்களுக்கு மாத்திரம் 37 போதும் என்று தனியே வகுத்திருப்பதன் நியாயமும் இதுதான்.

இனி இருதயத்துக்கு வருவோம். உடம்பின் உட்பகுதியில், கல்லீரலிலும் தசைகளிலும் பிறக்கும் உஷ்ணத்தைத் தோலுக்குச் சுமந்துவருவது இரத்தம். அந்த இரத்தத்தைத் தள்ளுவது இருதயம். சாதாரண சீதோஷ்ணத்தில், ஓய்விலிருக்கும் மனிதனுடைய இருதயம் நிமிஷத்துக்கு ஐந்து லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது; அதில் தோலுக்குப் போவது அரை லிட்டருக்கும் குறைவே. உஷ்ணம் ஏறியதும் தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் மதகைத் திறந்ததுபோல் விரிந்து கொடுக்கின்றன. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து உடலியல் அறிஞர் லோரிங் ரோவெல், வெந்நீர் ஓடும் உடையை வாலிபர்களுக்கு அணிவித்துச் செய்த பரிசோதனைகளில், படுத்த படுக்கையாய் ஒரு விரலையும் அசைக்காமல் இருந்தவர்களுடைய இருதயங்கள் நிமிஷத்துக்குப் பதின்மூன்று லிட்டர்வரை தள்ளியதையும், அதில் ஏழெட்டு லிட்டர் தோலுக்கே போனதையும் கண்டார். வேறு எந்த உறுப்பும் வேலை செய்யவில்லை. கை ஓய்ந்திருக்கிறது, கால் ஓய்ந்திருக்கிறது. இருதயம் மட்டும் மலையேறிக்கொண்டிருக்கிறது. கடுங்கோடையில் மதியம் சாய்வு நாற்காலியில் கிடக்கும் கிழவரைப் பார்த்து, "சும்மாதானே இருக்கிறார், அவருக்கு என்ன களைப்பு?" என்று கேட்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. தேகத்திலுள்ள இரத்தம் மொத்தமே ஐந்து லிட்டர். வாய்க்கால்களையெல்லாம் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் ஏரியில் மட்டம் இறங்குவதுபோல, தோற்குழாய்கள் விரியும்போது இரத்த அழுத்தம் விழப் பார்க்கிறது. அதைத் தடுப்பதற்காக உடம்பு குடலுக்கும் சிறுநீரகங்களுக்கும் போகும் வாய்க்கால்களைச் சுருக்கிக்கொள்கிறது. வெயில் நாளில் பசியெடுப்பதில்லை, உண்டது ஜீரணமாவதில்லை, சிறுநீர் குறைகிறது என்பவையெல்லாம் இந்தச் சிக்கனத்தின் அடையாளங்களே. நெடுநேரம் இப்படியே குடல் பட்டினி கிடக்குமானால் அதன் உட்சுவர் பழுதுபட்டு, உள்ளேயிருக்கும் கிருமிகளின் நஞ்சு இரத்தத்தில் கசிய இடமுண்டாகிறது. வெப்பத் தாக்கம் முற்றியவர்களுக்கு உறுப்புகள் ஒவ்வொன்றாய்ச் செயலிழப்பதற்கு அது ஒரு முக்கிய காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, கத்திரி உச்சத்திலிருந்த ஒரு முகூர்த்த நாளில், நகரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் இந்தச் சிக்கனம் எப்படித் தவறும் என்பதை நேரில் கண்டேன். மணமகளுடைய பெரியப்பா, எழுபது வயதைத் தாண்டியவர், பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமுமாய், தாலி கட்டும் நேரம்வரை ஒரு மணி நேரத்துக்குமேல் மேடையோரத்திலேயே நின்றிருந்தார். கெட்டிமேளம் ஓய்ந்ததும் அவர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்து, கண் செருகி, அப்படியே சரிந்தார். நாலு பேர் ஓடிவந்து அவரைத் தூக்கி நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைக்கப் பார்த்தார்கள். ஒருவர் சோடாவை உடைத்துக்கொண்டு வந்தார். சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த தலைமைச் சமையற்காரர், இடுப்புத் துண்டோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "உட்கார வைக்காதீங்க ஐயா, படுக்கப் போடுங்க, காலைத் தூக்கி வைங்க" என்று சத்தம்போட்டு, காய்கறி வந்த பிளாஸ்டிக் கூடையொன்றைக் கவிழ்த்து, பெரியவருடைய இரண்டு கால்களையும் அதன்மேல் எடுத்து வைத்தார், ஈரத் துண்டால் கழுத்தையும் மார்பையும் துடைத்து விசிறச் சொன்னார். இரண்டு நிமிஷத்தில் பெரியவர் கண் விழித்து, "தாலி கட்டியாச்சா?" என்று கேட்டார்.

நடந்தது இன்னதென்று விளக்குவது எளிது. நின்றுகொண்டேயிருக்கும் மனிதனுடைய கால்களில், உஷ்ணத்தால் தளர்ந்த சிரைகளுக்குள் இரத்தம் தேங்குகிறது. மற்றொரு பங்கு தோலில் பரந்து கிடக்கிறது. வியர்வையாய்ப் போனது போக மிஞ்சியதில் இருதயத்துக்குத் திரும்பி வருவது குறைகிறது. வராத இரத்தத்தை இருதயம் எப்படித் தள்ளும்? மூளைக்குப் போவது ஒரு கணம் தட்டுப்பட்டதும் ஆள் விழுகிறான். விழுவது ஒருவகையில் இயற்கை செய்யும் சிகிச்சை: படுத்துவிட்டால் இரத்தம் மேலேறிப் போகவேண்டியதில்லை. அவரைத் தூக்கி நிமிர்த்துவது அந்தச் சிகிச்சையைக் கெடுப்பதாகும். நினைவில்லாதவன் வாயில் சோடாவை ஊற்றுவதோ மூச்சுக்குழலை அடைக்கும் வழி.

பந்தி முடிந்தபிறகு அந்தச் சமையற்காரரிடம் இதை எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். முப்பது வருஷமாகக் கோட்டை அடுப்பின் பக்கத்தில் நிற்பவர் அவர். "எங்க பசங்க வருஷா வருஷம் விழுவாங்க சார். சித்திரையில முதல் நாலு முகூர்த்தம் தாண்டிட்டா அப்புறம் தேறிடுவாங்க" என்றார். உடலியல் நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். உஷ்ணத்தில் நாள்தோறும் உழைப்பவனுடைய உடம்பு பத்துப் பதினான்கு நாட்களுக்குள் அதற்குத் தன்னைப் பழக்கிக்கொள்கிறது: இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது, வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது, அதில் உப்பு குறைகிறது, அதே வேலைக்கு நாடித் துடிப்பு முன்பிருந்ததைவிடத் தணிகிறது. ஆகவே கோடையின் மத்தியைக்காட்டிலும் அதன் ஆரம்பமே இருதயத்துக்குப் பொல்லாதது. இந்தப் பழக்கம் நிலையான சொத்துமன்று. சில வாரங்கள் குளிர்சாதன அறையில் இருந்தால் கரைந்துவிடும். ஆபீசில் பகலெல்லாம் 22 டிகிரியில் உட்கார்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கிரிக்கெட் ஆடப் புறப்படும் நடுவயதுக்காரர், சமையற்கட்டுப் பையன் முதல் முகூர்த்தத்தன்று இருந்த நிலையிலேயே ஆண்டு முழுவதும் இருக்கிறார்.

மயக்கம் கண்ணுக்குத் தெரிவது. தெரியாத அபாயம் வேறொன்று உண்டு. 1986இல் கீட்டிஞ்ச் என்ற ஆங்கில ஆராய்ச்சியாளரும் அவரைச் சேர்ந்தவர்களும், ஆரோக்கியமானவர்களை 41 டிகிரியில் ஆறு மணி நேரம் வைத்திருந்து அவர்கள் இரத்தத்தைச் சோதித்தபோது, சிவப்பணுக்களும், இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும் எண்ணிக்கையில் ஏறி, இரத்தத்தின் பிசுபிசுப்பு அதிகரித்திருந்ததைக் கண்டார்கள். பாயசத்தை அடுப்பில் வைத்துச் சுண்டவிட்டால் கெட்டியாவதுபோல, தண்ணீரை வியர்வைக்குக் கொடுத்துவிட்ட இரத்தம் கெட்டிப்படுகிறது. ஏற்கெனவே கொழுப்புப் படிந்து குறுகிய இருதயத் தமனியிலோ மூளைத் தமனியிலோ கெட்டிப்பட்ட இரத்தம் உறைந்துபோவது எளிது. அதே வேளையில் இருதயத்தின் துடிப்பு ஏறியிருக்கிறது. உடம்பின் உட்சூடு ஒரு டிகிரி ஏறினால் நாடி நிமிஷத்துக்குப் பத்தளவு கூடும். வேகமாய்த் துடிக்கும் இருதயத்துக்குப் பிராணவாயு அதிகம் வேண்டும்; ஆனால் அதற்கு உணவு கொண்டுவரும் தமனிகளோ துடிப்புக்கும் துடிப்புக்கும் இடைப்பட்ட ஓய்வில்தான் நிரம்புகின்றன; துடிப்பு விரைந்தால் அந்த ஓய்வுதான் முதலில் குறைகிறது. தேவை ஏறவும் வரவு இறங்கவும், ஏழைக் குடும்பத்தில் தீபாவளி வந்ததுபோல் ஆகிவிடுகிறது நிலைமை.

வெப்பத்தால் இறப்பவர்களில் பெரும்பாலோர் வெப்பத் தாக்கம் என்ற பெயரோடு இறப்பதில்லை என்பதற்கு இதுவே காரணம். சர்டிபிகேட்டில் மாரடைப்பு என்றோ பக்கவாதம் என்றோ எழுதப்படுகிறது. எழுதிய டாக்டர்மீதும் குற்றமில்லை. ஆகையால் அந்த மாதத்தில் வழக்கமாய் எத்தனை பேர் இறப்பார்கள், இம்முறை எத்தனை பேர் என்று கழித்துப் பார்த்துத்தான் வெப்பத்தின் பங்கை அறியவேண்டியிருக்கிறது. ஆமதாபாத் நகரில் 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்வாறு கணக்கிட்டபோது, வழக்கத்துக்குமேல் 1,344 பேர் இறந்திருந்தது தெரியவந்தது. அதன் விளைவாகத்தான் 2013இல் அந்நகரத்தார் வெப்பத்துக்கென்று ஒரு செயல்திட்டம் வகுத்தார்கள். ஆமதாபாத்தின் உஷ்ணம் வறண்டது, 46 டிகிரியைத் தாண்டியது, யாரும் எச்சரிக்கையாவார்கள். நம் கடற்கரையின் உஷ்ணம் அப்படி முரசறைந்து வருவதில்லை. 2024 அக்டோபர் 6ஆம் தேதி மெரினாவில் விமானப்படையின் சாகசங்களைக் காண லட்சக்கணக்கான ஜனங்கள் மணிக்கணக்கில் நின்றுவிட்டுத் திரும்பியபோது ஐந்து பேர் உயிரிழந்தார்களே, அன்று உஷ்ணமானி 40ஐ எட்டவும் இல்லை. கத்திரி கழிந்து நான்கு மாதமும் ஆகியிருந்தது.

நம்மவர் ஆயிரக்கணக்கில் வேலைக்குப் போகும் பாரசீக வளைகுடாக் கரையில் இவ்விரண்டு தீமையும் சேர்ந்தே இருக்கின்றன: பாலைவனத்தின் உஷ்ணமும் வெந்நீர்க் கடலின் ஈரமும். கத்தார் நாட்டில் 2021இல் இயற்றிய விதியொன்றின்படி, ஈரத்துணி அளவை ஏழு பங்கும், வெயிலில் வைத்த கருங்கோள உஷ்ணமானியின் அளவை இரண்டு பங்கும், சாதாரண உஷ்ணமானியின் அளவை ஒரு பங்கும் சேர்த்துக் கூட்டிய எண் 32.1ஐத் தாண்டினால் வெளிவேலையை நிறுத்திவிட வேண்டும். இந்தக் கூட்டு அளவை முதலில் ஏற்படுத்தியவர்கள், 1950களில் அமெரிக்கக் கடற்படைச் சிப்பாய்கள் பயிற்சி மைதானத்தில் சுருண்டு விழுவதைக் கண்டு கவலைப்பட்டவர்கள். பத்துப் பங்கில் ஏழு பங்கு ஈரத்துணிக்கே கொடுத்திருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரத்தக் கொதிப்புக்கும் இருதய பலவீனத்துக்கும் மருந்து உட்கொள்பவர்களுடைய நிலைமை இன்னும் சிக்கலானது. நீர் மாத்திரை என்று நம் வீடுகளில் வழங்குவது, உடம்பில் தேங்கிய உப்பையும் தண்ணீரையும் சிறுநீராய்த் தள்ளுவது. வியர்வையும் அதே காரியத்தைச் செய்யும் நாட்களில் இரண்டும் சேர்ந்து வேண்டியதற்குமேல் வற்றவைத்துவிடலாம். நாடியின் வேகத்தை அடக்கும் மாத்திரை, இருதயம் விரைய வேண்டிய சமயத்தில் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கிறது. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடலாகாது. நிறுத்தியதால் வரும் கேடு புழுக்கத்தைக்காட்டிலும் பெரிது. கோடை பிறக்குமுன் வைத்தியரிடம் போய் அளவைப் பற்றிக் கேட்டுக்கொள்வதும், நாள்தோறும் காலையில் எடை பார்த்துக் குறித்து வருவதும் போதும். இரண்டே நாளில் எடை சட்டென்று இறங்கினால் வற்றுகிறது என்றும், ஏறினால் தேங்குகிறது என்றும் அந்தத் துண்டுக் காகிதம் வைத்தியருக்குச் சொல்லிவிடும்.

குடிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வியர்வையில் போவது தண்ணீர் மட்டுமன்று, உப்பும். ஆகவே உப்பிட்ட நீர்மோர், நீராகாரம் ஆகியவை வெறுந் தண்ணீரைவிட உசிதமானவை என்பதில் நம் பாட்டிமார்களுக்கும் உடலியலாருக்கும் பேதமில்லை. இளநீர் விஷயத்தில் மட்டும் சிறிது ஜாக்கிரதை வேண்டும். அதில் பொட்டாசியம் மிகுதி, உப்புச்சத்து குறைவு. சிறுநீரகம் சீராயிருப்பவனுக்கு அதனால் தோஷமில்லை. சிறுநீரகம் பழுதுபட்டவனும், பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைக்கும் சில இரத்தக் கொதிப்பு மருந்துகளை உண்பவனும், "உடம்புக்குக் குளிர்ச்சி" என்று ஒரு நாளைக்கு மூன்று நான்கு காய் குடித்தால், மிகுந்த பொட்டாசியம் இருதயத்தின் தாளத்தையே கலைத்துவிடக்கூடும். வயது முதிர்ந்தவர்களுக்கோ தாகம் என்பதே உரிய நேரத்தில் எடுப்பதில்லை. கேட்டால் குடிப்பார்கள் என்று காத்திராமல், மோரைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும்.

மின்விசிறியைப் பற்றி இருவேறு அபிப்பிராயங்கள் உண்டு. சிட்னிப் பல்கலைக்கழகத்தார் 2019இல் வெளியிட்ட பரிசோதனையில், 40 டிகிரியும் பாதிக்குப் பாதி ஈரப்பதமும் உள்ள அறையில் விசிறிக்காற்று வாலிபர்களுடைய இருதயத்தின் பாரத்தைக் குறைத்தது. 47 டிகிரி வறண்ட காற்றிலோ, கொல்லன் உலைத் துருத்தியைப்போல, அதைக் கூட்டிற்று. பிளாக்டனுடைய இறைச்சித் துண்டைத் துருத்தி என்ன செய்தது என்பதை நினைத்துக்கொண்டால் இதில் வியப்பில்லை. புழுக்கம் மிகுந்த நம் கரையில் விசிறி நண்பனே. தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஈரக்காற்றை அது தள்ளிவிடுகிறது. வியர்வை குறைந்துபோன முதியவர்களுக்கு, தோலை ஈரத்துணியால் துடைத்துவிட்டு விசிறியைப் போடுவது உத்தமம்: உடம்பு தன் தண்ணீரைச் செலவழிக்காமல் குழாய்த் தண்ணீர் உலர்கிறது. சமையற்காரர் செய்ததும் அதுவே.

ஹால்டேனைப் படித்த பிறகு நானும் இரண்டு உஷ்ணமானிகளை வாங்கி, ஒன்றின் குமிழில் பழைய மல்வேட்டிக் கிழிசலைச் சுற்றி, அதன் நுனியைத் தண்ணீர்க் கிண்ணத்தில் தோயவிட்டு, தாழ்வாரத்தில் அருகருகே மாட்டியிருக்கிறேன். போன வைகாசியில் ஒரு நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல்காற்று அனலாய் வீசிக்கொண்டிருந்தது; உலர்ந்த உஷ்ணமானி 39, ஈரமானது இருபத்தாறரை. அன்று கடற்காற்று தாமதமாகவே வந்தது. மூன்றரை மணிக்கு வேப்பமரம் கிழக்கிலிருந்து அசைந்ததும், அடுத்த வீட்டுக்காரர் மொட்டைமாடியில் நின்று, "அப்பாடா, வந்துட்டுது சார் கடற்காற்று, இனி கவலையில்லை" என்று உரக்கச் சொன்னார். அரைமணி கழித்துப் போய்ப் பார்த்தேன். உலர்ந்தது 34க்கு இறங்கியிருந்தது. வேட்டித்துணி சுற்றியதோ இருபத்தெட்டரைக்கு ஏறியிருந்தது. காற்று வீசும் இடத்தில் நின்றபோது சுகமாகவே இருந்தது. உள்ளே கூடத்துக்கு வந்து, நாற்காலியில் சாய்ந்து மணிக்கட்டில் விரலை வைத்து எண்ணினேன். எண்பத்தெட்டு. மூலையில் அம்மாவுடைய பானை மேலெல்லாம் நனைந்து உட்கார்ந்திருந்தது.